அரசாங்கம் இல்லாத ஐந்து நாள்

புஷ்பவல்லியிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். இடுப்பு வலி, கோழி விலை, மருமகள் வைக்கிற குழம்பு, எதையும் பேசலாம். அடிக்கல் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பழைய பந்துத் திடலுக்குப் பின்னால் நிறுத்தி, "எண்ணிப் பாருங்க" என்பாள். எண்ணினால் மூன்று இருக்கும். பளிங்கில் பொன்னெழுத்து வெட்டிய மூன்று கல். அதே இடம், அதே முப்பத்தெட்டு வீடு, அதற்கு மூன்று அரசாங்கம் வந்து நட்டுவிட்டுப் போன மூன்று அடிக்கல். அதில் ஒன்றின் மேல் ஆடு ஏறி நிற்கும்.

இடம் ஏழாங்கட்டைத் தோட்டம். கிள்ளானிலிருந்து கேரித் தீவுக்குப் போகிற சாலையில் இடதுபக்கம் திரும்பி, செம்மண் பாதையில் உள்ளே போகவேண்டும். தோட்டம் என்று சொல்வது வாய்ப்பழக்கம்தான். நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்று, எண்ணெய் எடுக்கிற செம்பனையை எல்லாம் சாய்த்து வருஷம் பல ஆகிவிட்டன. மிச்சம் நிற்பது தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய முப்பத்தெட்டு லயத்து வீடு, ஒரு மாரியம்மன் கோயில், செம்மண் பாதை வளைகிற இடத்தில் ஒரு முனியாண்டி மேடை. பதினாலாம் நம்பர் லயத்து வீட்டில் புஷ்பவல்லி பிறந்தாள். பதினைந்து வயதில் ரப்பர்ப் பால் மரம் சீவப் போனாள், பிறகு செம்பனை உதிரிப்பழம் பொறுக்கினாள், நிலம் கைமாறியதும் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவினாள். கட்டிக்கொண்ட அய்யாவுவும் அதே லயம், ஆறாம் நம்பர். கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலம் எட்டு வாசலைத் தாண்டியதும் முடிந்துவிட்டது.

தோட்டத்துக்கு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் ஆரத்தி எடுக்கிறவள் அவள்தான், மாதர் பிரிவுத் தலைவி. மாலை, பொன்னாடை, உறுமி மேளம் எல்லாம் கோயில் தலைவர் சின்னையாவின் பொறுப்பு. சும்மா சொல்லக்கூடாது, சின்னையா நல்ல மனுஷன். ஒரே ஒரு பலவீனம்: மந்திரி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கோயில் அலுவலக அறைச் சுவரில் மூன்று கட்சிக்காரர்களும் சின்னையாவின் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் அந்தச் சுவரில் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள்.

முதல் கல் 2018 ஏப்ரலில் வந்தது. பொதுத்தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. வாஸ்து பூஜை, குழிக்குள் நவதானியம், மந்திரி கையில் வெள்ளிக் கரண்டி, மூன்று வகைச் சோறு. மறுநாள் நிலத்தை வாங்கிய நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரு தாளோடு வந்தார். பந்துத் திடலுக்குப் பின்னால் உள்ளது அரசாங்க நிலம், அதில் புது வீடு கட்டித் தரப்போகிறார்கள், ஆகவே 2022 டிசம்பர் முப்பத்தொன்றில் லயத்தைக் காலி செய்கிறோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குள் வீட்டு வேலை நிஜமாகவே தொடங்கியிருந்தால் மட்டும், வேலை முடிகிறவரை லயத்தில் இருந்துகொள்ளலாம்.

இங்கேதான் ஏழாங்கட்டைக்காரர்கள் வேறு யாரும் செய்யாத தப்பைச் செய்தார்கள். பூஜை போட்டு நவதானியம் இறக்கியாயிற்று, நம் ஜனத்துக்கு அதற்குமேல் என்ன தொடக்கம் வேண்டும்? குழியில் தானியம் விழுந்தால் வீடு எழும்பின மாதிரி. அதுவும் நாலரை வருஷம் கையில் இருக்கிறது. சின்னையா கையெழுத்துப் போட்டார். அடுத்ததாகப் புஷ்பவல்லி போட்டாள். பெண்கள் எல்லாம் "புஷ்பாக்கா போட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை வாங்கினார்கள். அந்தக் கேள்வி பிறகு அவளைத் தூங்கவிடவில்லை.

மே மாதம் அரசாங்கம் விழுந்தது. அறுபது வருஷமாக அசையாதது ஒரே நாளில் போனது. போகட்டும் என்று ஓட்டுப் போட்டவர்களில் புஷ்பவல்லியும் ஒருத்தி, அதை அவள் மறைக்கவில்லை. புதியவர்கள் வந்தார்கள், கோப்பைத் திறந்தார்கள், திட்டத்தின் பெயர் பிடிக்கவில்லை என்று மாற்றினார்கள். பெயர் மாறினால் கோப்பு முதல் பக்கத்திலிருந்து போகவேண்டும். 2019 கடைசியில் இரண்டாவது கல். மறுபடியும் மாலை, மறுபடியும் ஆரத்தி. மூன்றாவது மாதம், 2020 பிப்ரவரியில், நாம் வரிசையில் நின்று ஏற்றி வைத்த அரசாங்கத்தை நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களே இறக்கிக்கொண்டார்கள். நேற்றுவரை அந்தப் பக்கம் இருந்தவர் இன்றைக்கு இந்தப் பக்கம். அன்றைக்குத்தான் புஷ்பவல்லிக்கு முதல்முதலாக நிஜமான கோபம் வந்தது. "என் ஓட்டை எடுத்து அவன் தாவுறதுக்கு ஏணியா வெச்சுக்கிட்டான்" என்று கேண்டீனில் ஒரு தட்டை உடைத்தாள்.

மூன்றாவது கல் 2021-இல், முகக்கவசத்தோடு. நான்கு மாதத்தில் அந்த அரசாங்கமும் போயிற்று.

நான்காவது அரசாங்கம் வந்ததும் ஒரு சிறப்பு அதிகாரி வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மந்திரி வருகிறார், கல் தயார், தேதி சொன்னால் போதும் என்றார். சின்னையா உடனே நாட்காட்டியை எடுத்தார். புஷ்பவல்லி அதை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"கல்லு வேணாம் தம்பி."

"கல்லு வைக்காம எப்படி ஆன்டி புரோஜெக்ட் ஸ்டார்ட் ஆகும்?"

"மூணு கல்லு இருக்கு. பிடிச்சதா பார்த்து ஒண்ணை எடுத்துக் கழுவிக்குங்க."

"அதுல வேற மினிஸ்டர் பேரு இருக்கே."

"பேரைப் போட்டுக்கிட்டுக் குடியிருக்க முடியுமா? மெஷினைக் கொண்டாங்க. மெஷின் ஓடற அன்னிக்கு மந்திரி வந்தா நானே மாலை போடறேன். அதுக்கு முன்னால இந்தத் தோட்டத்துல மாலையும் கிடையாது, மேளமும் கிடையாது, ஒரு ஊதுவத்திகூடக் கொளுத்த விடமாட்டேன்லா."

அதிகாரி போன பிறகு சின்னையா கத்தினார். "உன் ஒருத்தி வாயால முப்பத்தெட்டுக் குடும்பமும் ரோட்டுல நிக்கப்போவுது" என்றார். புஷ்பவல்லியைக் குத்தியது அந்த வார்த்தை. கையெழுத்துப் போட்டதும் அவள், இப்போது கல்லைத் தள்ளியதும் அவள். ஆனாலும் பின்வாங்கவில்லை. அடுத்த திங்கள்கிழமை ஷா ஆலாமில் அந்தக் கோப்பு கிடக்கிற அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த திங்களும் போனாள். ஒவ்வொரு திங்களும் போனாள். தொழிற்சாலையில் இதற்காகவே ஓய்வுநாளை ஞாயிற்றிலிருந்து மாற்றிக்கொண்டாள்.

அந்த அலுவலகத்தில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிற ஷாமினி என்ற பெண்தான் ஒருநாள் மனமிரங்கி உண்மையைச் சொன்னாள். முப்பது வயதிருக்கும், ஊர் பந்திங் பக்கம்.

"ஆன்டி, உங்க அக்ரிமென்டைப் பார்த்தேன். வேலை தொடங்கியாச்சுன்னு சொல்லணும்னா கல்லு கணக்குல வராது. உங்க ஊரு களிமண்ணு. பைல் அடிக்கணும். கான்கிரீட் தூணை மண்ணுக்குள்ள இறக்கறது. முதல் வரிசை எட்டு வீடு, வீட்டுக்கு ஆறு, மொத்தம் நாப்பத்தெட்டு பைல். அது முழுசா இறங்கினாதான் நான் சர்ட்டிபிகேட்ல சைன் பண்ண முடியும். ஒண்ணு குறைஞ்சாலும் முடியாது."

"இறங்கிட்டா?"

"இறங்கின பைலை எந்த கவர்மென்ட்டாலயும் புடுங்க முடியாது."

பிறகு ஒன்றரை மாதம் எந்தத் தாள் எங்கே நிற்கிறது என்று ஷாமினி சொல்வாள், புஷ்பவல்லி அங்கே போய் நிற்பாள். செப்டம்பரில் வேலை உத்தரவு வந்தது. குத்தகை எடுத்தவன் விமலன், கிள்ளானைச் சேர்ந்த சின்னக் குத்தகைக்காரன். பேச்சில் அவசரக்காரன், எதற்கும் பயப்படுகிறவன். அக்டோபரில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார்கள். "போச்சு" என்றார் சின்னையா. போகவில்லை. உத்தரவு கையில் இருந்ததால் நவம்பர் பதினாலாம் தேதி, தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னால், பைல் அடிக்கிற மெஷின் உள்ளே வந்தது. சொன்னபடி மாலை இல்லை, மேளம் இல்லை. மெஷினை ஓட்டிவந்தவர் ஜாபர் அலி, ராமநாதபுரத்துக்காரர், வேலை பர்மிட்டில் வந்து ஏழு வருஷம். நாற்பத்தெட்டுத் தூணையும் கொண்டுவந்து அடுக்கியது போக, அந்த வாரம் பதினொரு பைல் இறங்கியது. டங், டங் என்று அந்தச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் லயத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை தேர்தல். ஞாயிறு விடியும்போது அய்யாவு தொலைக்காட்சி முன்னால் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். மனுஷன் பேசுவது அபூர்வம், அரசியல் என்றால் மட்டும் கணக்குச் சொல்வார்.

"எண்பத்திரண்டு சீட்டு. எழுபத்து மூணு. முப்பது. ஒருத்தனுக்கும் பத்தலை."

"எத்தனை வேணும்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் புஷ்பவல்லி.

"நூத்திப் பன்னெண்டு."

"அப்ப யாரு கவர்மென்ட்டு?"

"யாரும் இல்லை."

இந்த நாட்டில் இப்படி நடந்ததே இல்லை. தேர்தல் முடிந்துவிட்டது, ஜெயித்தவன் யார் என்று தெரியவில்லை. காலையில் ஒருவர் எனக்குத்தான் பெரும்பான்மை என்கிறார், மத்தியானம் இன்னொருவர் எனக்குத்தான் என்கிறார். தலைவர்களின் கார்கள், பிரதமரை நியமிக்கவேண்டிய மாமன்னரின் அரண்மனைக்குள் போவதும் வருவதுமாக இருக்கின்றன, பத்திரிகைக்காரர்கள் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார்கள். கோலாலம்பூரில் வங்கியும் கடையும் பள்ளிக்கூடமும் எப்போதும்போல் திறந்தன. ஏழாங்கட்டையில் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு மெஷின் சத்தம் நின்றது.

புஷ்பவல்லி ஓடினாள். ஜாபர் அலி மெஷினிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி போன் பண்ணாரு அக்கா. நாளைக்கு லோரி வருதாம், மெஷினை ஏத்திடச் சொல்றாரு. கவர்மென்ட் யாருன்னு தெரிஞ்ச பெறகு பார்த்துக்கலாமாம்."

"இன்னும் முப்பத்தேழு இருக்கேண்ணே."

"எனக்குத் தெரியுது. என் பர்மிட் அவரு கையில. நான் என்ன செய்யட்டும்?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. புஷ்பவல்லி ஷாமினிக்குப் போன் செய்தாள். ஷாமினி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். நிறுத்தச் சொல்லி எழுத்தில் எதுவும் வரவில்லை, வரவும் முடியாது, ஏனென்றால் மேலே சொல்வதற்கு ஆளே இல்லை. ஆனால் பிரதமர் ஒருவர் பதவியேற்றதும், புதியவர்கள் பார்க்கும்வரை எல்லாவற்றையும் நிறுத்திவை என்று தாள் வந்துவிடும். போன தடவையெல்லாம் அப்படித்தான். "அதுக்குள்ள நாப்பத்தெட்டு முடிஞ்சா நான் சைன் பண்ணிடுவேன் ஆன்டி. அதுக்கப்புறம் என் கையில இல்லை."

மெஷின் வெளியே போனால் திரும்பாது. அது அவளுக்குச் சத்தியமாகத் தெரியும். புது அரசாங்கம் வரும், புதுப் பெயர் வரும், ஐந்தாவதாக ஒரு சட்டைமடிப்புக்காரன் வருவான், டிசம்பர் முப்பத்தொன்று அதற்கு முன்னால் வந்துவிடும். அவள் செம்மண் பாதையில் நடந்தபடி யோசித்தாள். முனியாண்டி மேடையருகில் வந்ததும் நின்றாள். பிறகு நேராகக் கோயிலுக்குப் போனாள்.

"தலைவரே, மெஷினு உள்ள வந்தப்ப முனிக்குப் படையல் போட்டோமா?"

சின்னையா நிமிர்ந்தார். "நான் அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். பூமியைத் தோண்டறோம், காவல்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு. நீதான் ஊதுவத்திகூடக் கூடாதுன்னு குதிச்சே."

"தப்புத்தான்."

நாலரை வருஷத்தில் அவள் வாயில் அந்த வார்த்தை வந்து சின்னையா கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப போட்டுருவோம். நாளையிலேர்ந்து வியாழன் வரைக்கும். மேடைக்கு முன்னாடி பெரிய கூடாரம் அடிச்சு."

"மேடைக்கு முன்னாடி ரோடுல்ல இருக்கு."

"ஆமா. ரோட்டுக்குக் குறுக்கதான்."

சின்னையா முட்டாள் இல்லை. "சாமியை வெச்சு விளையாடறியா புஷ்பா?"

"விளையாட்டா? டிசம்பர்ல நம்மளை இறக்கிட்டு அந்த மேடையையும் சேர்த்துத்தான் உடைப்பானுங்க. இது அவருக்கும் சொந்த விஷயம். நம்ம பேரைச் சொல்லித் தடுத்தா போலீஸ் வரும். அவரு பேரைச் சொல்லித் தடுத்தா எவன் வருவான்?"

சின்னையா எழுந்து வெளியே போய்ப் பாதையைப் பார்த்தார். திரும்பி வந்து, "உறுமி மேளம் சொல்லிடவா?" என்று கேட்டார்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கெல்லாம் நீலமும் வெள்ளையுமாக நாலு கூடாரம் செம்மண் பாதையை அடைத்து நின்றது. முனிக்கு முன்னால் கோழி, சுருட்டு, எலுமிச்சம்பழம், இரண்டு போத்தல் கறுப்பு பீர். பெண்கள் நடுப்பாதையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். ஒன்பது மணிக்கு மெஷின் ஏற்றுகிற நீட்டு லோரி வந்து நின்றது. பின்னாலேயே ஓட்டிவந்த காடியிலிருந்து விமலன் இறங்கினான்.

"என்னக்கா இது?"

"படையல்லா. மெஷினு வந்தப்ப போட மறந்துட்டோம். அதான் வேலை தடங்கலாவுது. வியாழன்வரைக்கும் நடக்கும். உக்காரு, பசியாறினியா?"

"அக்கா, விளையாடாதீங்க. நாட்டுல கவர்மென்ட்டே இல்லை. நாளைக்கு யாரு வருவான், இந்தப் புரோஜெக்ட் வேணும்பானா வேணாம்பானா, ஒண்ணும் தெரியாது. நிறுத்தச் சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"மேல பேசிக்கறாங்க."

"மேல யாரு? கவர்மென்ட்டே இல்லைன்னு நீதானே சொல்றே. இல்லாத கவர்மென்ட்டுல எந்த மந்திரிப்பா உனக்கு நிறுத்தச் சொன்னது? வேலையை ஆரம்பின்னு கையெழுத்துப் போட்ட தாளு உன்கிட்ட இருக்கு. நிறுத்துன்னு தாளு இருந்தா காட்டு, கூடாரத்தை நானே அவுக்கறேன்."

விமலன் லோரிக்காரனைப் பார்த்து, ஓரமாக ஏற்றிக் கொண்டுபோக முடியுமா என்று மலாயில் கேட்டான். லோரி ஓட்டி வந்தவர் ஐம்பது வயதுச் சீனர். அவர் இறங்கி, மேடையைப் பார்த்து, பெண்களிடம் மூன்று ஊதுவத்தி வாங்கிக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, சாமி உட்கார்ந்திருக்கிற பாதையில் சக்கரம் ஏற்றமாட்டேன், என் குடும்பம் நன்றாக இருக்கவேண்டும் என்று சொல்லி லோரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஒரு பொட்டலம் சோறும் வாங்கிக்கொண்டார்.

விமலன் வெயிலில் நின்றான். மெஷின் வாடகை நாள்கணக்கில் ஓடுகிறது, உள்ளே மாட்டிக்கொண்டது, வெளியே எடுக்க வழியில்லை. கடைசியில் ஜாபர் அலியைப் பார்த்துக் கத்தினான். "சும்மா ஏன் நிக்கிறீங்க? நிக்கிற நேரத்துக்கு அடிச்சாவது தொலைங்க."

ஜாபர் அலி அதற்குத்தான் காத்திருந்தவர்போல ஓடினார். அன்று சாயந்தரத்துக்குள் மொத்தம் இருபத்திரண்டு. ஷாமினி மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பைலுக்கும் பக்கத்தில் நின்று எழுதினாள்.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணி நேரம் மெஷின் சேற்றில் நின்றது. புஷ்பவல்லி கூடாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைத் திட்டினாள், அரண்மனைக்குப் போகிறவர்களைத் திட்டினாள், தன் கையெழுத்தையும் சேர்த்துத் திட்டினாள். பாதை அடைபட்டிருக்கிறது என்று யாரோ சொல்லி ரோந்து போலீஸ் இரண்டு பேர் வந்தார்கள். படையலைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் வைக்காதீர்கள் என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அய்யாவு கூடாரத்தின் ஓரத்தில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து நிலவரம் சொன்னார். அந்தக் கூட்டணி இவர்களோடு சேராதாம். இல்லை, சேருமாம். இன்னும் முடிவாகவில்லையாம்.

"மெதுவா முடிவு பண்ணட்டும். நல்லா யோசிக்கட்டும்" என்றாள் புஷ்பவல்லி. நாடு முழுக்க சீக்கிரம் ஒரு பிரதமர் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. ஏழாங்கட்டை மட்டும் இன்னும் ஒரு நாள் கொடு என்று வேண்டிக்கொண்டது. இருட்டுவதற்குள் முப்பத்தொன்று இறங்கியது.

வியாழன் மத்தியானம் முப்பத்தொன்பது. ஒரு மணி சுமாருக்கு அய்யாவு எழுந்து நின்றார். "அறிவிச்சுட்டாங்க. பிரதமர் வந்தாச்சு."

கூடாரத்துக்குள் சிலர் கைதட்டினார்கள். அவர்கள் ஓட்டுப் போட்ட கட்சி அது. புஷ்பவல்லிகூட அந்தக் கட்சிக்குத்தான் போட்டிருந்தாள். அவளுக்குக் கை எழும்பவில்லை. விமலன் காடியை விட்டு இறங்கி வேகமாக வந்தான்.

"அக்கா, முடிஞ்சது. அரசாங்கம் வந்துடுச்சு. தாளு வந்தா நான் மாட்டிப்பேன்."

"பதவியேத்துட்டாங்களா?" என்று அவள் அய்யாவுவைக் கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு."

"அப்ப அஞ்சு மணி வரைக்கும் இல்லை. ஜாபரண்ணே, ஏன் நிறுத்தினீங்க?"

மெஷின் மறுபடி ஓடியது. நாற்பது. நாற்பத்தொன்று. உறுமிக்காரர்கள் யாரும் சொல்லாமலே எழுந்து போய்ச் சேற்றில் நின்று அடித்தார்கள். சின்னையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைல் தூக்குகிற சங்கிலியைப் பிடித்தார். பெண்கள் சமைப்பதை விட்டுவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள். ஐந்து மணிக்கு அய்யாவு கையிலிருந்த கைப்பேசியில் பதவிப் பிரமாணம் கேட்டது. அப்போது நாற்பத்தைந்து.

ஜாபர் அலி மெஷினிலிருந்தே விமலனைப் பார்த்தார். எல்லோரும் விமலனைப் பார்த்தார்கள். விமலனின் கைப்பேசி அடித்தது. அவன் திரையைப் பார்த்தான், புஷ்பவல்லியைப் பார்த்தான். பிறகு அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "படையல் சோறு இருக்கா இல்லை முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டபடி கூடாரத்துக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

"என்னை யாரும் நிறுத்தச் சொல்லலையே" என்றார் ஜாபர் அலி. கம்பியை இழுத்தார்.

நாற்பத்தெட்டாவது பைல் ஐந்து நாற்பதுக்கு இறங்கி நின்றது. ஷாமினி குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, தேதியும் மணியும் போட்டுக் கையெழுத்திட்டாள். புஷ்பவல்லி அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை. சேற்றில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது ஊர் பார்த்ததில்லை, அதனால் பக்கத்தில் போகவே எல்லோருக்கும் பயமாக இருந்தது.

மறுநாள், பயந்த அந்த நிறுத்தல் தாள் வரத்தான் செய்தது. எல்லா வேலையையும் நிறுத்திவைக்கவும் என்று. நிறுத்தினார்கள். அடுத்த மாதக் கடைசிவரைக்கும் நின்றுதான் கிடந்தது.

டிசம்பர் முப்பத்தொன்று காலையில் வீடமைப்பு நிறுவனத்தின் ஆள் காடி நிறையப் பூட்டும் சங்கிலியும் எடுத்துக்கொண்டு வந்தான். புஷ்பவல்லி அவனை வாசலில் நிறுத்திப் பேசவில்லை. பந்துத் திடலுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். நாற்பத்தெட்டுத் தூண்களின் தலைகள் மண்ணுக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. அவன் எண்ணினான். ஷாமினியின் சான்றிதழை இரண்டு தடவை படித்தான். பிறகு தன் படிவத்தை எடுத்துக் காடியின் முன்பக்கத்தில் வைத்து நிரப்ப ஆரம்பித்தான். தொடங்கிய தேதி எழுதினான். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"ஆன்டி, இதை எந்த கவர்மென்ட் ஆரம்பிச்சது? பழைய கவர்மென்ட்டா, புதுசா?"

"ரெண்டும் இல்லை. அப்ப நாட்டுல கவர்மென்ட்டே கிடையாது. நாங்க இருந்தோம்."

"இதை எப்படி ஆன்டி எழுதறது?"

"எழுத வேணாம். அந்தப் பூட்டையெல்லாம் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. நான் போய்ப் பசியாறணும்."